பெற்றவர்கள் குடியிருக்கும் வீடு

(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசித்து முடித்துவிட்டார். கணக்கில் ஏறாத விஷயம் ஏதாவது பேசுங்கள் என்று தலைவர் சொன்னார். "பிள்ளைப் பருவம், கல்யாணம், முதுமை இதைப் பற்றிச் சொல்லுங்களேன். உங்களுக்கும் ஐம்பது தாண்டிவிட்டதே" என்றார். வயதைச் சபையில் போட்டு உடைத்துவிட்டதால் பேசத்தான் வேண்டும்.

நம் அலுவலக அலமாரியில் மூன்று கட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் பள்ளிக் கட்டணத்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் வந்த மனுக்கள். இன்னொன்றில் குமர் காரியத்துக்கு வந்த மனுக்கள். மூன்றாவதில் வயதானவர்களின் மருந்துச் செலவுக்கு வந்தவை. கட்டுகள் தனித்தனி. ஆனால் வருடக்கணக்காக அவற்றைப் புரட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு ஒன்று தெரியும்: மூன்றிலும் பெயர்கள் ஒன்றுதான். மகளுக்குப் புத்தகம் கேட்டு வந்த தாய், சில வருடம் கழித்து அதே மகளின் கல்யாணத்துக்கு ஜமாஅத் கடிதத்தோடு வருகிறார். இன்னும் சில வருடம் போனால், சர்க்கரை மாத்திரைச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறார். மூன்றாம் முறை வரும்போது முகவரி மட்டும் மாறியிருக்கிறது. "தங்கை வீட்டுத் தாழ்வாரம்" என்று ஒருவர் எழுதச் சொன்னார். சொந்த வீடு என்னவாயிற்று என்று கேட்டால், பதில் பெரும்பாலும் இரண்டாவது கட்டில்தான் இருக்கிறது.

அந்த இரண்டாவது கட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நாங்கள் வளர்ந்த காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இளைஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பிள்ளைப் பருவம் எழுபதுகளில் கழிந்தது. சுபுஹு தொழுகை முடிந்த கையோடு ஓதுபள்ளி. தலையில் தொப்பி, கையில் பலகை, வயிற்றில் பழைய சோறு. ஹஜரத் கையில் இருந்த பிரம்பு அதிகம் பேசாது, இருந்தாலும் அதன் முன்னால் அலிஃப், பே தானாக வாயில் வந்துவிடும். அங்கிருந்து ஓடிப்போய்ப் பள்ளிக்கூடம். மாலையில் கோட்டை இடிபாடு. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை என்பதெல்லாம் பிறகு கல்லூரியில் படித்துத் தெரிந்தது. அப்போது அது எங்களுக்கு ஆட்டுக்குட்டி தேடும் புதர்க்காடு. டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன அல்லவா, அவற்றைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடுவோம். மூத்தவர்கள் சிரிப்பார்கள். சின்னப் பள்ளிவாசலில் வெயில் கடிகாரத்தைச் சுற்றி நின்று, நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று யார் முதலில் சொல்வது எனப் பந்தயம் கட்டியதும் உண்டு.

1980 ஜூலை 18ஆம் தேதி காலை, ஊருக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி. 3 மேலே போனது. அந்தத் திட்டத்துக்குத் தலைவர் ராமேஸ்வரத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளை என்ற செய்தி ஊருக்குள் வந்தபோது, எங்கள் அத்தாமார்கள் நடந்த நடையே வேறு. அவர் பெயரை அப்துல் கலாம் என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். அவருடைய கதைக்கு மறுபடியும் வருகிறோம். அதில் ஒரு பெண்ணின் வளையல் இருக்கிறது.

அந்தக் காலத்தில் எங்களை வளர்த்தது எது? அத்தா ஏலத்தில் மீன் எடுத்து விற்றார், அல்லது வெளியூரில் கடையில் நின்றார். அந்தப் பணம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. நிலையாக வந்தது அம்மாவின் ஓலைப் பணம். பனங்குருத்தைக் காயவைத்து, கீறி, சாயத்தில் கொதிக்கவைத்து, தெருவுக்குத் தெரு பெண்கள் பெட்டியும் கூடையும் பின்னினார்கள். இன்றைக்கும் பின்னுகிறார்கள். பழவேற்காட்டின் பெயர் கடல் தாண்டிப் போன பெயர். மலாய்க்காரர்கள் இன்றும் கட்டம்போட்ட கைலியைக் 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். அந்தப் பெலிகாட் நம் ஊர்தான். துணிக்கு ஊர்ப் பெயர் கிடைத்தது. ஓலை பின்னிய கைகளுக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை. ஆனால் எங்களில் எத்தனை பேருடைய பரீட்சைக் கட்டணம் அந்தப் பெட்டிகளிலிருந்து வந்தது என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த வீடுகள் பெரியவை அல்ல. இரண்டு அறை, ஒரு திண்ணை, பின்னால் ஒரு கிணறு. ஆனால் நன்னி அந்தத் திண்ணையில் இருந்தார். கண் மங்கிய பிறகும் குருத்தைத் தடவிப் பார்த்துப் பின்னுவார். பேரப்பிள்ளைகளை எழுப்புவது, ஓதுபள்ளிக்கு விரட்டுவது, அரபுத்தமிழ்க் கிதாபைக் கண்ணருகே வைத்து முணுமுணுத்து வாசிப்பது எல்லாம் அவர் வேலை. தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. அரபு எழுத்தில் எழுதிய தமிழ் சரளமாக வரும். அவரை யாரும் "வைத்துப் பார்த்துக்கொள்ள" வேண்டியிருக்கவில்லை. அது அவருடைய வீடு. நாங்கள்தான் அவரிடம் இருந்தோம்.

இப்போது கல்யாணத்துக்கு வருவோம்.

மார்க்கம் இதில் சிக்கல் வைக்கவில்லை. மஹர் ஆண் கொடுக்க வேண்டியது, பெண்ணுக்கு உரியது, அதை மனமுவந்து கொடுக்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயம் தொடக்கத்திலேயே பணித்துவிடுகிறது. கையில் ஒன்றுமில்லாமல் வந்த தோழர் ஒருவரிடம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இரும்பு மோதிரமாவது தேடிப் பார்க்கச் சொன்னார்கள். அதுவும் கிடைக்காதபோது அவர் மனனம் செய்திருந்த குர்ஆன் பகுதியையே கொண்டு மணமுடித்து வைத்தார்கள். புகாரியில் இருக்கும் செய்தி, மிம்பரில் பலமுறை கேட்டதுதான். நாட்டின் சட்டமும் இதை அறியும். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணை எது என்று விளக்கும்போதே, முஸ்லிம்களின் மஹர் அதில் சேராது என்று ஒதுக்கி வைத்துவிட்டது.

நாமோ தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். மஹர் என்று தஃப்தரில் ஒரு தொகை எழுதுகிறோம். அதைப் போலப் பல மடங்கு எதிர்ப்பக்கமிருந்து வருகிறது. அதற்குக் கைக்கூலி என்று பெயர் சொன்னால் இப்போது எல்லோருக்கும் கோபம் வருகிறது. "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்கள் பிரியப்பட்டுச் செய்கிறார்கள்" என்கிறார்கள். பிரியம் எப்படி இவ்வளவு துல்லியமாகப் பவுன் கணக்கில் வருகிறது என்பது எங்களுக்கு விளங்கவில்லை. பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போது, மாப்பிள்ளையின் பெரியம்மாவோ மாமியோ ஒருவர் வாசலில் நின்று, "எங்க மூத்த மருமக இத்தனை பவுனோட வந்தா, சும்மா சொன்னேன்" என்பார். அந்தச் "சும்மா"வுக்குத்தான் வீடு விற்கப்படுகிறது.

ஒரு வீட்டைச் சொல்கிறோம். பெயர் சொல்ல மாட்டோம், தெருவும் சொல்ல மாட்டோம். கணவர் ஏரியில் மீன் வாங்கி விற்றவர். மூன்று பெண்கள், ஒரு பையன். மூத்த பெண்ணுக்குத் தாயின் நகை போயிற்று. இரண்டாவது பெண்ணுக்கு வீட்டுப் பத்திரம் அடமானம் போயிற்று. மூன்றாவது பெண்ணுக்கு அந்த வீடே போயிற்று. மூன்று சம்பந்திகளும் கெட்டவர்கள் அல்ல. மூவரும் நம்மோடு தோளோடு தோள் நின்று தொழுகிறவர்கள். வீட்டை விற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவும் இல்லை. கணவர் மவுத்தான பிறகு அந்தத் தாய் மகனோடு வாடகை வீட்டில் இருந்தார். மகனுக்குச் சென்னையில் வேலை, ஒற்றை அறை, இரண்டு குழந்தைகள். "நான் அங்கே போய் எங்கே படுக்கிறது?" என்று அந்தத் தாய் கேட்டார். அதற்கு எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. அவர் கேட்டு வந்தது மாதம் சில நூறு ரூபாய் மருந்துக்கு.

இதற்கு மகனைத் திட்டுவது சுலபம். பல ஜும்ஆக்களில் திட்டியும் இருக்கிறோம். பெற்றோரைப் பேணும் கடமையைப் பற்றி எத்தனை பயான் செய்தாலும், படுக்க இடம் இல்லாத வீட்டில் பயான் இடம் உண்டாக்காது. அந்தத் தாய்க்கு ஒரு திண்ணை மிச்சமிருந்தால் அவர் மகனை எதிர்பார்த்திருக்க மாட்டார். வாரம் ஒருமுறை மகன்தான் அவரிடம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பான்.

சில ஊர்களில் இது வேறுவிதம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருகிறார். வீடு பெண்ணுக்கு. தாய் தன் மகளோடு முதுமையைக் கழிக்கிறார். இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கமும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதே வழக்கம். வயதான பெண்களைக் கேட்டால் அந்த ஏற்பாடு நல்லது என்பார்கள். நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் மூன்று பெண்கள் இருந்தால் மூன்று வீடு கட்ட வேண்டுமே! அதற்காக வளைகுடாவில் இளமையைத் தொலைத்த தகப்பன்மார்களும், தங்கைகளுக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அண்ணன்மார்களும் அங்கே இருக்கிறார்கள். ஆக, எந்த ஊர் வழக்கமும் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளக் கூடியது அல்ல.

நம் ஊரில் நடப்பது வேறொன்று. ஏரியில் நம் அண்டைக் குப்பத்து மீனவர்கள் பாடு முறை வைத்திருக்கிறார்கள். எந்த ஊர்க்காரர், எந்த வலை, எந்த இடம், எந்த நாள் என்று முறை போட்டுக்கொண்டு தொழில் செய்கிறார்கள். பாடு கிடைத்த நாளுக்காகக் காத்திருப்பார்கள், விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நாமும் பாடு வைத்திருக்கிறோம், தாய்க்கு. மூத்தவன் வீட்டில் இரண்டு மாதம், நடுவுள்ளவன் வீட்டில் இரண்டு மாதம், மகள் வீட்டில் நோன்பு மாதம் மட்டும். ஒரு துணிப்பை, ஒரு தஸ்பீஹ், மாத்திரை டப்பா. இந்தப் பாட்டில் முறை எப்போது வரும் என்று யாரும் காத்திருப்பதில்லை. எப்போது முடியும் என்றுதான் நாள் எண்ணுகிறார்கள். பை எப்போதும் கட்டியபடியே இருக்கிறது என்று ஒரு மூதாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் பிள்ளைகள் பாசமானவர்கள்தான். பாசம் இருந்தும் பை கட்டியே இருக்கிறது.

இங்கே தாய்மார்கள் நிறைய இருப்பதால் வாரிசுரிமையைக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்கிறோம். கணவர் மவுத்தாகிவிட்டால், பிள்ளைகள் இருக்கும் மனைவிக்கு அவர் விட்டுச்சென்றதில் எட்டில் ஒரு பங்கு. பிள்ளைகள் இல்லையென்றால் நான்கில் ஒரு பங்கு. இது பிச்சை அல்ல, அல்லாஹ் நிர்ணயித்த பங்கு. அதற்கும் முன்னால், கொடுக்கப்படாத மஹர் கணவரின் கடன். கடனை அடைத்த பிறகுதான் பங்கீடு. நம் ஊரில் ஜனாஸா அடக்கமாகி, பாத்திஹாச் சோறும் உண்டு முடித்து, வீடு எந்த மகன் பெயருக்கு என்று பேசுவார்கள். மஹர் பாக்கி உண்டா என்று அந்தச் சபையில் யாரும் கேட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. கேட்க வேண்டிய பெண் இத்தாவில் திரைக்குள் இருக்கிறார். ஆகவே ஆண்கள்தான் கேட்க வேண்டும், முதலில் ஜமாஅத் பெரியவர்கள் கேட்க வேண்டும். தாய்க்கு முன்னால் மகன் இறந்துவிட்டாலும், அவனுக்குப் பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. இதுவும் பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பது. "பின்னால் சண்டை வரக்கூடாது" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சண்டை வருவதில்லை, உண்மைதான். எழுதிக் கொடுத்தவரிடம் சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் 23ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. மூத்த குடிமகன் ஒருவர், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால்தான் பலம். அந்த ஒரு வரியை எழுதச் சொல்லப் பெற்றவர்கள் வெட்கப்படுகிறார்கள். "என் பிள்ளையை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?" என்கிறார்கள். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிற மார்க்கம் நம்முடையது. பிள்ளைக்குக் கொடுக்கும்போது எழுதிக்கொள்வதில் என்ன குறைவு வந்துவிடும்?

அதே சட்டத்தின்படி, தம்மைப் பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் மாதப் பராமரிப்புத் தொகை கேட்டு மனுச் செய்யலாம். தொகை மாதம் 10,000 ரூபாய் வரை. நமக்குப் பொன்னேரி கோட்ட அலுவலகம்தான் இடம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. நடக்க முடியாதவருக்காக அவர் அனுமதி கொடுத்த வேறொருவரோ, அமைப்போ மனுக் கொடுக்கலாம். இதைச் சொல்லும்போது சபையில் சிலர் முகம் சுருங்குவது தெரிகிறது. "பிள்ளை மேல் பெற்றவள் மனுவா?" ஆமாம், கடைசி வழியாக. அதற்கு முன் ஜமாஅத் இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம்.

அப்துல் கலாமின் கதைக்கு வருவதாகச் சொன்னோம். அவர் சென்னை எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தபோது கட்டணத்துக்குப் பணம் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தன் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்டுத் தர வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டதாகக் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம் வீடுகளிலும் வளையல் அடகுக்குப் போகிறது. எந்த வேலைக்குப் போகிறது என்று பாருங்கள். படிப்புக்குப் போன வளையல் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. கைக்கூலிக்குப் போன வளையல் இன்னொரு வீட்டுப் பீரோவில் இருக்கும், அல்லது அந்த வீட்டு மகளின் கல்யாணத்துக்காக மூன்றாவது வீட்டுக்குப் போயிருக்கும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் நடக்கிறது. திருமண உதவியாக இருந்த திட்டத்தைத்தான் அரசாங்கம் படிப்புக்கு மாற்றியது. அப்போது இங்கேயும் முணுமுணுப்பு எழுந்தது. அரசாங்கம் சரியாகத்தான் செய்தது என்பது எங்கள் அபிப்பிராயம்.

படித்த பெண் கைக்கூலி கொடுக்க மாட்டாள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பட்டதாரிப் பெண்ணுக்கு அதற்கேற்ற மாப்பிள்ளை, அதற்கேற்ற தொகை என்று விலை ஏறியதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் கையில் வேலை இருக்கும் மகள், தாயின் மாத்திரைக்கு யாரிடமும் கேட்காமல் பணம் அனுப்புகிறாள். அதையும் பார்த்திருக்கிறோம். சமீப காலமாக மூன்றாவது கட்டில் மனு குறைந்த வீடுகள் எவை என்று பார்த்தால், மகள் சம்பாதிக்கும் வீடுகள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன.

நிர்வாகிகள் கூடி எடுத்த முடிவைச் சொல்லிவிடுகிறோம். குமர் காரிய உதவி தொடரும், நிறுத்தப் போவதில்லை. ஆனால் மனுப் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: இந்தக் கல்யாணத்துக்காகக் குடியிருக்கும் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போகிறீர்களா? ஆம் என்று எழுதினால், பணம் கொடுப்பதற்கு முன் எங்களில் இருவரும் ஜமாஅத்திலிருந்து ஒருவரும் இரண்டு வீட்டுக்கும் வருவோம். மாப்பிள்ளை வீட்டுக்கும் வருவோம். தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் பேசுவோம், சண்டை போட மாட்டோம். நிக்காஹ் எழுதும்போது மஹரில் எவ்வளவு கையில் கொடுக்கப்பட்டது, எவ்வளவு பாக்கி என்று தஃப்தரில் தனித்தனியாக எழுதும்படி இமாம் அவர்களிடம் கேட்டிருக்கிறோம், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். திருமணத்தை 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்துகொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அது எல்லோருக்கும் கட்டாயம். தஃப்தர் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம்.

வயதானவர்கள் முதியோர் உதவித்தொகைக்கோ, பராமரிப்பு மனுவுக்கோ எழுத வேண்டுமானால், செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் ஆள் இருப்பார். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெயர் சேராதவர்கள் இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். பெண்களுக்கு எழுதிக் கொடுக்கப் பெண்ணே இருப்பார், திரை போட்ட தனி இடமும் உண்டு. வீட்டுப் பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொல்பவர்கள் நகல் மட்டும் கொண்டு வந்தால் போதும். அசலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.